நாம் பேர் சொல்லாத படை

தீரன் சின்னமலை ஒற்றை ஆளாகக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு சண்டை போட்டார் என்பதுபோலத்தான் கொங்கு நாட்டில் நாம் பேசிவந்திருக்கிறோம். மாநாட்டுத் தட்டியில், நாட்காட்டியில், கார்க் கண்ணாடியில் ஒட்டிய படத்தில் என்று எங்கே பார்த்தாலும் குதிரைமேல் வாளோடு அவர் இருக்கிறார். பின்னால் ஓர் ஆள்கூட இல்லை. திப்பு சுல்தானின் பக்கம் நின்று மழவல்லியிலும் ஸ்ரீரங்கப்பட்டினத்திலும் பொருதியது ஒரு கொங்குப் படை. 1799 மே 4-ஆம் தேதி திப்பு விழுந்த பிறகு ஊர் திரும்பி, ஓடாநிலையில் கோட்டை கட்டி, பீரங்கி வார்த்து, ஆறு வருடம் கம்பெனிக்குத் தண்ணி காட்டியதும் ஒரு படைதான். பீரங்கி வார்க்கக் கொல்லர் வேண்டும். குதிரைக்கு லாடம் அடிக்க, மருந்து இடிக்க, வண்டி ஓட்ட, சோறாக்க, இருட்டில் சேதி கொண்டு ஓட ஆள் வேண்டும். அத்தனை பேரும் யார், எந்த ஊர், என்ன ஆனார்கள் என்று நாம் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் வரும் பதில் நமக்கு அவ்வளவு பிடித்திருக்காது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

பொல்லானை எடுத்துக்கொள்வோம். ஈரோட்டுக்குத் தெற்கே, மொடக்குறிச்சிப் பக்கம், நல்லமங்காபாளையம் அவர் ஊர். அருந்ததியர். சின்னமலையின் படையில் தளபதிகளில் ஒருவராகவும் ஒற்றராகவும் இருந்தவர் என்று அந்தப் பகுதியின் வாய்மொழி வரலாறு சொல்கிறது. கம்பெனிப் படை பெரிய பீரங்கிகளோடு ஓடாநிலைக் கோட்டையைத் தகர்க்கக் கிளம்புகிறது. எதிரியின் பாசறையில் உளவுபார்த்த பொல்லான் அந்தச் சேதியை எழுதி, ஒரு சோடிச் செருப்புக்குள் மறைத்துக் கோட்டைக்கு அனுப்பிவைக்கிறார். சேதி பார்த்த சின்னமலை ஆட்களோடு வெளியேறிவிடுகிறார். வந்து சேர்ந்த வெள்ளைக்காரன் கண்டது வெறும் கோட்டை. உள்ளே கிடந்த செருப்பைப் பிரித்துப் பார்த்ததில் கடிதம் அகப்பட்டது, அனுப்பிய ஆளும் தெரிந்துபோனார். ஆடி மாதம் முதல் நாள் பொல்லானைக் கொன்றார்கள். அதே ஆடி 18-ஆம் நாள், 1805 ஜூலை 31, சங்ககிரிக் கோட்டையில் சின்னமலையையும் அவருடைய உடன்பிறந்தாரையும் படைத்தலைவர் கருப்ப சேர்வையையும் தூக்கிலிட்டார்கள். இரண்டு சாவுக்கும் நடுவே பதினேழு நாள்தான்.

பதினெட்டாம் நாளை நாம் வைத்துக்கொண்டோம். முதல் நாளை விட்டுவிட்டோம்.

அந்தச் செருப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். செருப்புத் தைக்கிறவர் கையில் செருப்பு இருந்தால் எந்தக் காவலாளி நிறுத்திக் கேட்பான்? கொங்கு நாட்டுக் கிணறுகளில் கவலை இறைத்த காலம் முழுக்க அதற்குத் தோலில் நீர் முகக்கும் பறி தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர்கள். அவர்கள் கை படாமல் ஒரு வாய்க்காலிலும் தண்ணீர் ஓடியதில்லை. ஆனாலும் அந்த ஆளை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. வேலையைப் பார்ப்பார்கள், ஆளைப் பார்க்க மாட்டார்கள். ஒற்றனுக்கு அதைவிட நல்ல மறைவு கிடையாது. பொல்லான் தன்மேல் சுமத்தப்பட்ட இழிவையே தன் படைக்கு ஆயுதமாக்கினார். அவருக்குப் பிறகு வந்த நாமோ, கம்பெனிக் காவலாளி பார்த்த அதே கண்ணால்தான் அவரைப் பார்த்தோம், அதாவது பார்க்கவில்லை. செருப்பில் சேதி வைத்துப் படையைக் காப்பாற்றியவரின் பேரப்பிள்ளைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டிய தெருக்கள் இந்தக் கொங்கு நாட்டில் இருந்தன. தேநீர்க் கடையில் அவர்களுக்குத் தனிக் குவளை இருந்தது. இதெல்லாம் எங்கோ படித்த கதை என்று சொல்லித் தப்பிக்க நம் தலைமுறைக்கு வழியில்லை.

பொல்லானைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே ஒரு கேள்வி வரும். "அதுக்கு என்னங்க ஆதாரம்?" ஞாயமான கேள்விதான். வரலாறு என்றால் ஆதாரம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் யாரிடம் கேட்கிறோம், யாரிடம் கேட்காமல் விடுகிறோம் என்பதிலும் ஒரு வரலாறு இருக்கிறது. மைசூருக்குப் போன வரிப்பணத்தைச் சின்னமலை வழிமறித்துப் பிடுங்கி, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை பிடுங்கிக்கொண்டான் என்று போய்ச் சொல் என அனுப்பினாராமே, அந்தக் கதைக்கு நாம் எந்தச் செப்பேட்டைக் கேட்டோம்? சமையல்காரன் நல்லப்பன் அவரைக் காட்டிக்கொடுத்தான் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோமே, அதற்கு எந்த ஆவணத்தைப் புரட்டினோம்? அவையும் வாய்வழியாக வந்தவைதான். அவற்றை நம்புவதில் தவறில்லை. கொங்கு வரலாற்றில் பாதி அப்படித்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அதே வாய்வழியில், அதே ஊர்களில், அதே போரைப் பற்றி வந்த இன்னொரு கதை அருந்ததியர் வாழும் மாதாரி வளவிலிருந்து வந்தது என்றதும் நமக்குத் திடீரென்று ஆராய்ச்சி மனப்பான்மை வந்துவிடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. எழுத்து ஆவணம் என்று நாம் கேட்பது பெரும்பாலும் கம்பெனிக் குமாஸ்தா எழுதிவைத்தது. பாளையக்காரர், பட்டக்காரர் பெயர்களை அவன் எழுதினான், ஏனென்றால் வரி அவர்களிடம்தான் வாங்க வேண்டும். கூலிக்காரன் பெயரை அவன் எதற்கு எழுதப்போகிறான்? நல்ல ஒற்றன் என்பவனே எழுத்தில் அகப்படாதவன்தான்.

சரி, ஆவணம் இருக்கிற இடத்திலாவது நாம் ஒழுங்காக இருந்தோமா? கோவைக்கு வருவோம்.

1800 ஜூன் 3. அன்று மொகரம் பத்தாம் நாள். கோவையில் இருந்த கம்பெனிப் படையை அன்றைக்குத் தாக்குவது என்று ஒரு திட்டம். விருப்பாட்சி கோபால நாயக்கரின் திண்டுக்கல் கூட்டணி, ஆனைமலைப் பக்கத்துப் பாளையக்காரர்கள், சின்னமலையின் ஆட்கள், திப்புவின் படை கலைந்த பிறகு கொங்கில் தங்கிவிட்ட முஸ்லிம் வீரர்கள் என்று பலரும் அதில் கைகோத்திருந்தார்கள். தென்னாட்டில் பல சீமைகள் சேர்ந்து கம்பெனியை எதிர்க்கத் துணிந்த பெரும் எழுச்சிக்கு இங்கேதான் முதல் அடி விழுவதாக இருந்தது. திட்டம் கைகூடவில்லை. பிடிபட்டவர்களை ராணுவ விசாரணை என்ற பெயரில் ஒரு சடங்கு நடத்திவிட்டுக் கோவையிலும் சுற்றுவட்டத்திலும் தூக்கிலிட்டார்கள். 42 பேர் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அடுத்த வருடம் 1801-இல் சின்ன மருது திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டிய அறிக்கையைத் தமிழ்நாடே பேசுகிறது. அதற்கு ஒரு வருடம் முந்திய கோவைத் தூக்குமரங்களைக் கோவையே பேசவில்லை.

இதை முழுமையாக எழுதியவர் பேராசிரியர் க. ராஜய்யன். தென்னிந்தியப் புரட்சியே முதல் சுதந்திரப் போர் என்று வாதிடும் அவருடைய ஆங்கில நூல் 1971-இல் வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் எத்தனை கல்லூரிகள் நம் ஊரில் வந்துவிட்டன! மில் இருந்த இடத்தில் கல்லூரி, தோட்டம் இருந்த இடத்தில் கல்லூரி. முகமது ஹாஷம் என்று ஒரு பெயரைக் கோவையின் கல்லூரி மாணவர் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். அந்த ஜூன் 3 திட்டத்தின் முன்னணியில் நின்றவர்களில் ஒருவர் அவர்.

கோட்டைமேட்டு முஸ்லிம்களுக்கும் பேரூர் இந்துக்களுக்கும் பொதுவான சாவு, 1800-இல் நடந்த அந்தத் தூக்கு. 1997 நவம்பர்க் கலவரத்தையும் 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பையும் பார்த்த நகரம் இது. அந்த நாட்களுக்குப் பிறகு அமைதிக் குழுக் கூட்டங்களில் ஒற்றுமையைப் பற்றி எத்தனையோ பேர் பேசினார்கள். இந்த ஊரிலேயே இந்துவும் முஸ்லிமும் ஒரே குற்றச்சாட்டில் தூக்கில் தொங்கியிருக்கிறார்கள் என்ற செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு, நாம் பொத்தாம்பொதுவாக ஒற்றுமை பேசிக்கொண்டிருந்தோம்.

1997 என்றதும் இன்னொரு ஞாபகம் வருகிறது. அதையும் சொல்லியாக வேண்டும். அந்த வருடம் தமிழக அரசு தெற்கே ஒரு புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது. கட்டபொம்மனின் தளபதி, கம்பெனியின் வெடிமருந்துக் கிடங்கில் தீயோடு பாய்ந்து உயிர் விட்டவர் என்று பாஞ்சாலங்குறிச்சிச் சீமை போற்றும் வீரர். தேவேந்திர குலத்தவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. கலவரம், சாவு. கடைசியில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் எடுத்துவிட்டது. நம் சேரன், ஜீவா போக்குவரத்துக் கழகங்களின் பெயர்களும் அப்போதுதான் போயின. திருச்சியில் ஓடிய தீரன் சின்னமலை போக்குவரத்துக் கழகமும் அப்போதுதான் பெயர் இழந்தது. ஒரு தளபதியின் பெயரைப் பொறுக்க முடியாமல் எல்லோருடைய பெயரையும் அழிக்க வைத்த சமூகம் நாம். அன்றைக்குக் கொங்கு நாட்டில் யாராவது எழுந்து, எங்கள் சின்னமலை பெயர் போனாலும் பரவாயில்லை, சுந்தரலிங்கம் பெயரை எடுக்காதீர்கள், அவரும் அதே போரில் செத்தவர்தான் என்று சொன்னார்களா? தெற்கத்திச் சண்டை, நமக்கென்ன என்று இருந்தோம்.

செத்தவர்களின் பெயரைக் காக்கும் விஷயத்தில் வெள்ளைக்காரனைப் பாராட்ட எனக்கு மனமில்லை. ஆனாலும் மகாராஷ்டிரத்தில் கோரேகானில் நிற்கும் தூணை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1818 ஜனவரி 1-இல் பேஷ்வா படையோடு நடந்த சண்டையில் தன் பக்கம் செத்தவர்களுக்குக் கம்பெனி எழுப்பிய தூண் அது. அதில் மகர் சிப்பாய்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வெட்டப்பட்டிருக்கின்றன. 1927-இல் அம்பேத்கர் அங்கே போய் நின்றபோது அவர் கையில் பெயர்கள் இருந்தன. இன்னின்னார் இங்கே போரிட்டார்கள் என்று காட்டக் கல் இருந்தது. கம்பெனிக்காகச் செத்த மகருக்குக் கல் இருக்கிறது. கம்பெனியை எதிர்த்துச் செத்த அருந்ததியருக்கு நாம் வைக்கவில்லை. புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவனுக்கெல்லாம் புலிகுத்திக்கல் நட்ட நாடு இது. கோவை, திருப்பூர்ப் பக்கத்துக் காடுமேடெல்லாம் அந்தக் கற்கள் இன்னும் நிற்கின்றன. கல் நடத் தெரியாதவர்கள் அல்ல நாம்.

இன்னொரு உதாரணம் சமீபத்தியது. உலகப் போர்களில் இறந்த பிரிட்டிஷ் பேரரசுப் படையினரின் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021 ஏப்ரலில் தன்னைத் தானே விசாரித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் உலகப் போரில் செத்த ஆசிய, ஆப்பிரிக்கப் படையினரில் 45,000 முதல் 54,000 பேர் வரை வெள்ளையருக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை, இன்னும் குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயர்கூடப் பொறிக்கப்படவில்லை, அது மூன்றரை லட்சம்வரைகூட இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நூறு வருடம் தாமதம்தான். ஆனால் எத்தனை பேரை விட்டோம் என்று உட்கார்ந்து எண்ணினார்கள். சின்னமலை படையில் நாம் எத்தனை பேரை விட்டோம் என்று இதுவரை எண்ணத் தொடங்கவேயில்லை.

2025 நவம்பரில் பொல்லானுக்கு மணிமண்டபம் திறந்தார்கள். மொடக்குறிச்சி வட்டம் வடுகபட்டியை ஒட்டிய ஜெயராமபுரத்தில் அரசு கட்டிய மண்டபம், முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். 1805-க்கும் 2025-க்கும் இடையே 220 வருடம். நல்ல காரியம், வரவேற்கிறோம் என்று நாமும் சொல்லிவிட்டோம். ஆனால் இதைக் கேட்டது யார்? வருடாவருடம் மனுவோடு அதிகாரிகள் வாசலில் நின்றதும், ஆடி முதல் நாள் மாலை போட அனுமதி வேண்டி அலைந்ததும் பெரும்பாலும் அருந்ததியர்கள்தான். அவர்களுடைய வீரர், அவர்கள் கேட்கட்டும் என்று மற்றவர்கள் ஒதுங்கி நின்றோம். சின்னமலைக்குச் சிலை வேண்டும் என்றால் அது கொங்கு நாட்டின் கோரிக்கை. பொல்லானுக்கு மண்டபம் வேண்டும் என்றால் அது ஒரு சாதியின் கோரிக்கை. இப்படிப் பிரித்து எழுதியதில் பத்திரிகைக்காரர்களாகிய எங்களுக்கும் பங்கு உண்டு.

சின்னமலைக்குக் கிண்டியில் சிலை இருக்கிறது, ஓடாநிலையில் மணிமண்டபம் இருக்கிறது, 2005-இல் வெளிவந்த தபால்தலை இருக்கிறது, ஆடி 18-க்கு அரசு விழா இருக்கிறது. எதையும் குறைத்துச் சொல்லவில்லை. அவருக்கு உரியது அது. ஆனால் கோபால நாயக்கருக்கு விருப்பாட்சியில் தனி மண்டபம், பொல்லானுக்கு ஜெயராமபுரத்தில் தனி மண்டபம், ஒவ்வொன்றுக்கும் தனி நாள், தனிக் கூட்டம், தனிக் கொடி, பாதுகாப்புக்குத் தனி போலீஸ் என்று ஆகிவிட்டது. உயிரோடு இருந்தபோது ஒன்றாக நின்ற படை அது. கவுண்டரும் மாதாரியும் நாயக்கரும் சேர்வையும் முஸ்லிமும் ஒரே பானைச் சோறு தின்றார்களா என்று எனக்குத் தெரியாது. ஒரே எதிரியால் செத்தார்கள் என்பது தெரியும். அந்தப் படையைச் சாதிவாரியாகக் கலைத்தது கம்பெனி அல்ல. கம்பெனி தூக்கில் போட்டதோடு சரி. கலைத்தவர்கள் நாம்.

இன்று செய்யக்கூடியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள் இருக்கின்றன. 1800-ஆம் ஆண்டுக் கோவை விசாரணை பற்றிய தாள்களை முழுக்கத் தேடி எடுத்து, தூக்கிலிடப்பட்டவர்களின் பெயர், ஊர் எல்லாவற்றையும் தமிழில் பதிப்பிக்கப் பாரதியார் பல்கலைக்கழகத்திடம் அரசு ஒப்படைக்கலாம். அரச்சலூர், ஓடாநிலை, நல்லமங்காபாளையம் பக்கத்துப் பெரியவர்களிடம் இருக்கும் கதைகளை, எல்லா வளவுகளிலும் போய் உட்கார்ந்து பதிவு செய்யலாம். அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இதற்கு இன்னொரு பத்து வருடம் பொறுக்க முடியாது. கிடைக்கிற எல்லாப் பெயர்களையும் சாதி போடாமல் ஒரே கல்லில் வெட்டி, ஒன்றைக் கோவைக் கோட்டைமேட்டிலும் ஒன்றை ஓடாநிலையிலும் நட வேண்டும். பெயர் கிடைக்காதவர்களுக்காக அந்தக் கல்லில் இடம் விட்டு வையுங்கள். ஜூன் 3-ஐக் கோவை மாநகராட்சி தன் நாளாக எடுத்துக்கொள்ள வேண்டும். பள்ளிப் பாடத்தில் சின்னமலை வருகிற பக்கத்திலேயே பொல்லானும் கருப்ப சேர்வையும் முகமது ஹாஷமும் வர வேண்டும்; பெட்டிச் செய்தியாக அல்ல, பாடமாக.

அரசு செய்யட்டும் என்று காத்திருக்காமல் நாமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆடி 18-க்கு வேன் பிடித்து, சட்டையில் படம் குத்தி, ஓடாநிலைக்கு ஆயிரக்கணக்கில் போகிறவர்களே, வரும் ஆடி முதல் நாள் அதே வேனில் ஜெயராமபுரத்துக்கும் வாருங்கள். ஓடாநிலையிலிருந்து அது ஒன்றும் தூரமில்லை.